பால்மா போடாத பிஸ்கட்

தம்பி,

பல் முளைக்கும் வயதில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது கொஞ்சம் அதிகப்படியான காரியம்தான். பொறுத்துக்கொள். இதை நீ வாசிக்கும்போது உனக்கு மீசை அரும்பியிருக்கும். ஒருவேளை உனக்கே ஒரு பிள்ளை பிறக்கப் போவதாகவும் இருக்கலாம். அதுவரை காத்திருந்து நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நேரில் சொல்ல எனக்கு வராது. பல்கலைக்கழகத்தில் பதில் தெரிந்திருந்தும் கை தூக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். பஸ்ஸில் "இறக்கம்" என்று சத்தம் போட வெட்கப்பட்டு, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவள். கோபம் வந்தாலும் எனக்குக் குரல் எழும்பாது. எழுதினால்தான் வெளியே வரும். நாளைக்கு எனக்கு ஆசிரியை வேலை தொடங்குகிறது. முதல் தடவையாக உன்னைப் பகல் முழுக்க விட்டுவிட்டுப் போகப்போகிறேன். மடுல்சீமை ரோட்டில் பஸ்ஸில் ஆடி ஆடிப் போகும்போது இதெல்லாம் மனதுக்குள் கிடந்து உருளக் கூடாது என்றுதான் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். இனிப்பான புத்திமதி எதையும் எதிர்பார்க்காதே. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

நீ பிறந்த செய்தி தெரிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கையில் ஒரு பால்மா பெக்கட், ஒரு பிஸ்கட் பெக்கட். பிள்ளைக்கு இல்லை, பெற்றவளுக்கு. ஸ்பிரிங்வெளியில் நான் பிறந்த வரிசைவீட்டு லயத்திலும் அப்படித்தான், உன் அப்பா கிளாக்கராக இருக்கிற இந்தத் தோட்டத்திலும் அப்படித்தான். வருஷம் முழுக்கப் பால் இல்லாத சாயத்தண்ணி குடிக்கிற பெண்ணுக்குப் பிள்ளை பெற்ற மாதத்தில் மட்டும் பால் போட்ட தேத்தண்ணி கிடைக்கும். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற சனத்துக்கு, பால் போடாத தேத்தண்ணியை அடுத்தவருக்கு நீட்டுவதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. ஆகவே எனக்கும் கிடைத்தது. காலையில் பால்தேத்தண்ணி, பத்து மணிக்குப் பால்தேத்தண்ணி, நீ அழுதால் பால் ஊற வேண்டும் என்று இன்னொன்று. அலமாரியில் பால்மா பெக்கட்டுகள் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன. நான் குடித்தேன், உனக்குப் பால் கொடுத்தேன், நீ முறுக்கிக்கொண்டு கத்தினாய். பிறகு உன் துணியில் சளி மாதிரி வந்தது. அதற்குப் பிறகு இரத்தம்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தாய்ப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் என் மாமியார். படித்த பெண்களுக்குப் பால் தண்ணியாகத்தான் இருக்கும் என்றார் அவரோடு வந்தவர். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா லுணுகலைக்குப் போய்க் குழந்தைகளுக்கான டின்மா ஒன்று வாங்கி வந்துவிட்டார். நான் டின்னை மேசையில் வைத்துவிட்டு, உன்னைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பதுளை பஸ்ஸுக்கு நடந்தேன். உன் அப்பா பின்னாலேயே ஓடி வந்தார். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. வழி முழுக்க உன்னை அவர்தான் நின்றபடி ஏந்தி வந்தார். அதையும் எழுதிவைக்கிறேன், மறைக்க மாட்டேன். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், சிங்களவர், தெரிந்த தமிழைக் கூட்டிச் சேர்த்துப் பேசினார். "அம்மா, உங்க பால் நல்ல பால். மாட்டுப் பால் இந்த பபாவுக்குச் சரியில்ல. நீங்க குடிச்சா அது உங்க பால்ல வரும். பபாவுக்குக் குடுக்கிறத நிறுத்த வேணாம். நீங்க குடிக்கிறத நிறுத்துங்க." டின்மாவிலும் மாட்டுப் பால்தான் என்றார். உன் அப்பா என் பக்கத்தில் நின்று தலையாட்டினார். இதை ஞாபகம் வைத்துக்கொள், தம்பி. அவர் கேட்டார். என் பக்கத்தில் நின்று கேட்டார்.

நான் நிறுத்தினேன். பால், தயிர், பட்டர் எல்லாம். சில நாட்களில் உன் துணி சுத்தமாக வரத் தொடங்கியது. நீ முதல் தடவையாக ஒரு மத்தியானம் முழுக்கத் தூங்கினாய். ஆனால் பால் கொடுக்கிற உடம்பின் பசி வேறு பசி. சோறு சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் வயிறு மறுபடி கூப்பிடும். கடைக்குப் போய் ஒவ்வொரு பெக்கட்டாகத் திருப்பித் திருப்பி வாசித்தேன். இதில் பால் திண்மம், அதில் பட்டர், பால் இல்லை என்று எல்லோரும் நினைக்கிற மாஜரினிலும் பால். வேலை கிடைக்கும் முன்பே, பட்டம் வாங்கியதிலிருந்து, ஊருக்கு நான் டீச்சர்தான். கடைக்காரர், "டீச்சர், வாங்கப் போறீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்டார். முகம் சிவந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் பன்னைப் பால்தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிடும்போது நான் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு குசினி அடுப்படியில் நின்றேன். "பிள்ளைக்காக ஒரு தாய் இதக்கூடச் செய்யமாட்டாளா?" என்று அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். பசித்து நிற்கிறவளிடம் தியாகத்தைப் பற்றிப் பேசாதே, தம்பி. அவளுக்குத் தின்ன ஏதாவது கொடு.

யாரும் கொடுக்கவில்லை. நானே சுட்டேன். கல்யாணத்துக்கு வந்து பெட்டியோடு கிடந்த சின்ன ஓவனை எடுத்துத் துடைத்தேன். குரக்கன் மா, கொஞ்சம் கோதுமை மா, கித்துள் பாணி, வறுத்த எள்ளு, வெந்தயத்தை லேசாக வறுத்து இடித்த தூள். பட்டருக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய். முதல் தடவை எண்ணெயை உருக்கி ஊற்றினேன். வந்தது பிஸ்கட் இல்லை, ஓடு. பிறகு ஒரு குளிர்ந்த காலையில், எண்ணெய்ப் போத்தல் அடியோடு உறைந்து வெள்ளையாக நிற்பதைப் பார்த்தேன். வழக்கமாக அதை வெயிலில் வைத்து உருக்குவோம். அன்றைக்கு உருக்காமல் அப்படியே கரண்டியால் தோண்டி மாவில் போட்டு, விரல் நுனியால் தேய்த்தேன். உள்ளங்கை பட்டால் உருகிவிடும். நுனியால் மட்டும், அவசரமில்லாமல், மா ஈர மணல் மாதிரி உதிரும்வரை. அப்புறம் பாணியை விட்டுச் சேர்த்துத் தட்டிச் சுட்டால், வாயில் போட்டதும் உடைந்து கரைந்தது. குசினித் தரையில் உட்கார்ந்து சூட்டோடு சூடாகத் தின்றேன். அழுகை வந்தது. பிள்ளை பெற்ற பிறகு எனக்காக யாரோ செய்து கொடுத்த முதல் தின்பண்டம் அது. அந்த யாரோவும் நான்தான்.

செல்வியைப் பற்றி நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் குவாட்டர்ஸுக்குக் கீழே உள்ள லயத்தில் இருக்கிறாள், தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண் பிள்ளை அவளுக்கு. அந்தப் பிள்ளைக்கும் துணியில் இரத்தம் போகிற உன்னுடைய வருத்தமேதான். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைமடுவத்தில், பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிடுவார்கள். வெயிலில் நின்ற பால் சூட்டுப்பால், பிள்ளைக்கு ஆகாது என்று நம்புகிறார்கள். செல்வியின் பிள்ளைக்கு இரத்தம் போனதும், இவள் பால் முழுக்கவே சூடு என்று அவள் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவளைப் பதுளைக்குக் கூட்டிப் போனேன். அதே டொக்டர், அதே பதில். அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்துச் சுட்டேன். முதல் நாள் ஒன்றைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இதுல நாலு அடுக்கினா அடுப்பு கட்டலாம் போலருக்கே."

"அது ஓரத்துல கருகினது. நடுவுல உள்ளத எடு."

நடுவில் உள்ளதை எடுத்தாள். மென்றாள். பிறகு மிச்சம் எல்லாவற்றையும் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். "நாளைக்கும் சுடுவீங்கதானே? நாங்க லயத்துல கேட்டா பிச்சைன்னுவாங்க. டீச்சர் வீட்டுலன்னா டியூசன்னு சொல்லிக்கலாம்" என்று சிரித்தாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். படித்த இடத்தில்கூட எனக்கு அப்படி ஒரு சிநேகிதி இருந்ததில்லை. பிள்ளைமடுவத்து மற்றத் தாய்மாரும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. தாய்மாருக்குப் பசி, அவ்வளவுதான். அவர்களுக்கும் சுட்டேன். செல்வியின் பிள்ளை தேறினாள். நீயும் கன்னம் வைத்தாய்.

பிறகு ஒரு நாள் உன் துணியில் மறுபடியும் இரத்தம். மறுநாள் செல்வி ஓடி வந்தாள், அவள் பிள்ளைக்கும் அதே. நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஓவன் தட்டில் எப்படியாவது பட்டர் பட்டுவிட்டதோ என்று சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பருப்பை விட்டேன், மீனை விட்டேன், முட்டையை விட்டேன். கடைசியில் சோறும் அவித்த கீரையும் உப்பும் மட்டும் தின்றேன். அதோடு அந்தப் பிஸ்கட்டும், ஏனென்றால் நான் முழுதாக நம்பிய ஒரே பொருள் அது. நீ மெலிந்தாய். உன்னை வார்ட்டில் சேர்த்தார்கள். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் உன் பாதத்தில் தேடினார்கள், நான் உன் மற்றக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் உன் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொன்றாக விடுவதைப் பார்த்தார். என் தலைமுடி உதிர்வதைப் பார்த்தார். "ஒருவேளை என் பால்தான் சரியில்லையோ" என்று நான் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டார். தோளில் கை வைத்து, "மனச விடாத புள்ள" என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி மா பிசைந்து வைத்துவிட்டு, உன் துணிகளைக் காயப்போடப் பின்பக்கம் போனேன். தூறல் விழுந்ததால் பாதியில் திரும்பி வந்தேன். உன் அப்பா என் மாச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டி, மற்றக் கையில் பால்மா பெக்கட்.

"என்னங்க போடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா கொஞ்சம் சத்துக்கு."

"இதுக்கு முந்தியும் போட்டீங்களா?"

"ரெண்டு மூணு கரண்டிதான் புள்ள. நீ ஒண்ணுமே திங்கிறதில்ல. உடம்பு எப்படித் தாங்கும்?"

"புள்ளைக்கு ரத்தம் போச்சே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அது இதனாலதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"டொக்டர் உங்க முன்னாடிதானே சொன்னாரு?"

"டொக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க" என்றார். அப்புறம் அவர் குரல் மாறியது. "நீ வீட்டுக்குள்ள இருக்க, உனக்கென்ன தெரியும்? கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாடியும் கேக்குறான். 'என்னங்க கிளாக்கரையா, வீட்டுல பால்மாவுக்குத் தட்டுப்பாடா? வீட்டம்மா தவிட்டுல பிஸ்கட் சுட்டு ஆளுங்களுக்குக் குடுக்குறாங்களாமே'ன்னு. ஆபீஸே சிரிக்குது. கொஞ்சம் பால் போட்டுக் குடுத்தா யாரு செத்தா?"

அதுதான் விஷயம், தம்பி. சத்தும் இல்லை, பாசமும் இல்லை. பாசம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கரண்டியைத் தூக்கியது பாசம் இல்லை. கிளாக்கர் வீட்டிலிருந்து பால் இல்லாத பண்டம் லயத்துக்குப் போகிறதே என்ற வெட்கம். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். சாயத்தண்ணியிலிருந்து பால்தேத்தண்ணிக்கு வருவதற்குள் அவர் குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும், நானும் அங்கிருந்து வந்தவள்தானே. அந்த வெட்கம் எனக்கு விளங்காமல் இல்லை. விளங்குகிறது என்பதால் மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மா போட்டதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். உன் பாதத்தில் ஊசிக்கு நரம்பு தேடும்போதும் வாய் திறக்காமல் நின்றாரே, அதை மறக்க எனக்கு வழி தெரியவில்லை. நான் அன்றைக்கும் கத்தவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்குக் கொட்டினேன். கழுவிக் கவிழ்த்தேன். அவர் வேலைக்குப் போனார்.

அன்றைக்கே லயத்துக்கு இறங்கினேன். செல்வி வாசலில் பிள்ளையை மடியில் போட்டுப் போத்தலில் ஏதோ புகட்டிக்கொண்டிருந்தாள். இரத்தம் மறுபடி வந்ததும் அவள் வீட்டில் வேறு பேச்சே எடுக்கவில்லையாம். டொக்டர் சொன்னதையும் டீச்சர் சொன்னதையும் கேட்டு ஆடியது போதும் என்று பால் கொடுப்பதை நிறுத்தவைத்து, டின்மா கொடுத்து, அதிலும் பிள்ளைக்கு மோசமாகி, இப்போது அரிசிக் கஞ்சித் தண்ணி. பால் கட்டி அவள் காய்ச்சலில் கிடந்ததும், மார்பில் துணியை இறுக்கிக் கட்டிப் பாலை வற்றவைத்ததும் நான் உன்னோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நடந்து முடிந்திருந்தன. நான் நடந்ததைச் சொன்னேன். நின்றபடியே, தலை நிமிராமல், என் வீட்டுச் சட்டியில் யார் என்ன போட்டார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவள் வாய்க்கு அந்த லயமே பயப்படும்.

அவள் போத்தலைக் கீழே வைத்தாள். "அப்ப என் பால்ல ஒரு தப்பும் இல்லையா டீச்சர்?" என்றாள்.

"இல்ல செல்வி. ஒரு தப்பும் இல்ல."

"நெசமா?"

"நெசமா."

பிள்ளையைத் தூக்கி மார்போடு சேர்த்தாள். அது கொஞ்ச நேரம் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுதது. கிளினிக்கில் கேட்டோம், மறுபடி மறுபடி பிள்ளையை வைத்தால் பால் ஊறலாம் என்றார்கள். அதற்கு வீட்டில் இருக்க வேண்டும், நேரம் வேண்டும், சாப்பாடு வேண்டும். செல்விக்கு விடிந்தால் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, அதை விட்டால் கொழுந்து மலை. சில வாரம் முயன்றாள். வரவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டாள், நடக்கிறாள், ஒல்லியாக இருக்கிறாள். நான் இன்னும் சுடுகிறேன். பிசைந்த மாவை விட்டு நகர்வதில்லை. உன் அப்பா குசினிக்குள் வந்தால் சட்டியை மூடிவிட்டு அவர் போகும்வரை நிற்கிறேன். இது அவருக்கு அவமானமாக இருக்கிறதாம். இருக்கட்டும். நாளைக்கு உன்னைப் பிள்ளைமடுவத்தில் விடப்போகிறேன் என்றபோதும் அதே சொல்தான் வந்தது. கிளாக்கர் பிள்ளையை அங்கேயா என்று. அங்கேதான் என்றேன். உனக்கு எது ஆகாது என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். சொன்னால் கேட்கிறார்கள்.

ஒருவருக்கு நல்லது செய்கிறேன் என்று நீ எதையாவது கையில் எடுக்கும்போது, முதலில் அவரிடம் கேள். கேட்கப் பயமாக இருந்தால், நீ செய்யப்போவது நல்லது இல்லை என்று உனக்கே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் இருக்கிற புத்திமதி இவ்வளவுதான். மற்றது ஒரு வேண்டுகோள். அதைக் கேட்கத்தான் இத்தனை பக்கமும் எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் முதல் பிறந்தநாள். வீடு நிறையச் சனம். தேங்காய்ப்பால் விட்டு நான் செய்த கேக்கை வெட்டும்போது உன் பெரியப்பா, "இதுலயாவது பால் இருக்கா, இல்ல இதுவும் விரதமா?" என்று கேட்டார். உன் அப்பா பால்மா போட்ட கதையைத் தொடங்கினார். அவர் கதை சொன்னால் யாரும் எழுந்து போகமாட்டார்கள், அவ்வளவு நன்றாகச் சொல்வார். நான் ஓவன் தட்டைப் பொலிஸ் நாய் மாதிரி மோந்து பார்த்ததை நடித்துக் காட்டினார். தான் பெக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பூனை மாதிரி நடந்ததை நடித்தார். நான் கண்ணை உருட்டியதை, கோழிகள் பால்மா தின்று கொழுத்ததை. "பாசத்துல பண்ணிட்டான்யா" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். கூடம் முழுக்கச் சிரித்தது. வார்ட் அந்தக் கதையில் இல்லை, உன் பாதமும் இல்லை. செல்வி இல்லவே இல்லை. அவள் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றிருந்தாள். எனக்கு உதவிக்கு வந்தவள். கையிலிருந்த தட்டுகளைச் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் பின்வாசலால் இறங்கிப் போனாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். கூச்சத்தில் வருகிற சிரிப்பு. அதை நிறுத்த நான் இன்னும் படிக்கவில்லை.

இந்தக் கதை நிற்காது, தம்பி. உன் பள்ளிக்கூடக் காலத்திலும் சொல்வார்கள், உன் கல்யாண வீட்டிலும் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் நன்றாக மெருகேறும். சொல்லி முடித்ததும் எல்லோரும் உன் பக்கம் திரும்புவார்கள், ஏனென்றால் கதையில் வருகிற குழந்தை நீ. அப்பாவோடு சண்டை போட வேண்டாம். எனக்காகப் பேச வேண்டாம். எழுந்து போகவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே இரு, அவர் முகத்தைப் பார். நீ மட்டும் சிரிக்காதே.

அம்மா